நூற்றுப்பத்து மைலுக்கு பங்க் இல்லை

இரவு ஒன்பதேகாலுக்கு
ராயக்கோட்டையில் எனக்குக் காலை விடிகிறது.
ஹெட்செட்டை மாட்டியதும்
டென்வரில் ஒரு குடும்பம் காதுக்குள் வந்து உட்கார்கிறது.
அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு நாய்.
பத்து நாள். ஐந்து பூங்கா. சிவந்த பாறை அத்தனையும் வேண்டும்.
பெரும்பாலான பாதைகளில் நாயை விடமாட்டார்கள் என்பதை
ஆறாவது நிமிடத்தில்தான் சொல்வேன்.
அதற்குள் ஆசை முற்றிவிட்டிருக்கும்.

மோவாப், கனாப், பேஜ்.
எந்த விடுதியில் வெந்நீர் தாமதம் என்று தெரியும்.
அரிசோனா கடிகாரத்தைத் திருப்பாது,
நடுவிலே நவஹோ நிலம் திருப்பும்,
ஒரே நாள் ஓட்டத்தில் மணி முன்னும் பின்னும் போய்வரும்,
குழம்ப வேண்டாம் என்பேன்
ராத்திரி சாப்பாட்டைக் காலையில் சாப்பிடுகிற நான்.
ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏறுவதற்குக் குலுக்கல்.
எங்கள் தெருச் சீட்டு மாதிரிதான்,
பெயர் விழுந்தால் மலை.

நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?
வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார்.
கம்பெனி எழுதிக் கொடுத்த பதில் இருக்கிறது:
எங்கள் குழுவுக்கு அந்தப் பகுதி மிகவும் பரிச்சயம்.
குழு என்றால் ஓசூரில் சித்ராங்கி,
பாகலூரில் நவாஸ், இங்கே நான்.
நவாஸ் மைசூர் வரை போயிருக்கிறான்.

கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை
நூற்றுப்பத்து மைலுக்கு பங்க் இல்லை.
இதை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவேன்,
சிவப்பில், அடிக்கோடிட்டு.
மேனேஜருக்குப் பிடிக்காது. பயமுறுத்துகிறதாம்.

அவருக்கு அஞ்செட்டி ரோடு தெரியாது.
கல்யாணமான இரண்டாம் மாதம்
ஒகேனக்கல் போகிறோம் என்று கிளம்பி,
தேன்கனிக்கோட்டை பங்க்கில் வரிசை நீளம், மேலே பார்த்துக்கலாம் என்றார் திம்மராயன்.
நாட்றாம்பாளையம் தாண்டி வண்டி இருமியது.
சாய்த்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார்,
டேங்க்குக்குள் வாயை வைத்து ஊதிக்கூடப் பார்த்தார்.
உள்ளே எங்கோ மூங்கில் முறிந்தது.
காத்து, என்றார்.
ரோட்டில் ஆவி பறக்கக் கிடந்தது லத்தி.
காத்து லத்தி போடுமா என்றேன்.
அதன்பின் ஒரு மணி நேரம் நாங்கள் பேசவில்லை.
யானைக்குப் பயந்தா, ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமா,
இன்றுவரை தீரவில்லை அந்தக் கணக்கு.
பால்வண்டிக்காரர் ஒருவர்
தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் பிடித்துக் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை. திட்டு மட்டும் நிறையக் கொடுத்தார்.

மூன்று மணி.
திம்மராயன் தக்காளி லோடோடு கோயம்பேட்டுக்குப் போயாயிற்று.
டென்வர் அம்மா திரும்பவும் வருகிறாள்.
திட்டத்தை அச்செடுத்து
சமையல் மேடைமேல் விரித்துப் பார்க்கிறாளாம்.
கறுப்புக் கல்லா, என்று கேட்டுவிட்டேன்.
ஆமாம், எப்படித் தெரியும்?
சும்மா, என்றேன்.

பகல் ஒரு மணிக்கு இங்கே குவாரியில் வெடி.
என் நடுத்தூக்கம் அது. கட்டில் நடுங்கும்,
அலமாரித் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.
ஆறு லட்சக்கணக்கான வருஷம் அறுக்கிற பள்ளத்தை
மூன்றே ஒப்பந்தத்தில் அறுத்துவிட்டார்கள்.
அடியில் பச்சைத் தண்ணீர்.
அனுமதிச் சீட்டு இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை,
பார்க்க வருகிறவர்களும் இல்லை.

வருகிற மாதம் நாங்களும் கிளம்புகிறோம்.
கண்டிக்கோட்டை. பெண்ணாறு அறுத்த பள்ளத்தாக்கு,
முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.
குப்பம் வழியா, சித்தூர் வழியா என்று
லோடு வண்டிக்காரருக்கும் எனக்கும் தினம் சண்டை.
நான் திட்டம் போட்டால்
அவர் ஒத்துக்கொள்வது ஒரே ஒரு வரியைத்தான்:
பெட்ரோல் ராயக்கோட்டையிலேயே.
வரிசை இருந்தாலும்.