பொருத்தம்

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில்
சப்ரியின் மாமாவுடைய டயர்க் கடைக்கு மேல்
எங்கள் பயிற்சி அறை.
மாதத்துக்கொரு தரம் கிற்றார்க் கம்பி மாற்ற வேண்டும்.
உட்துறைமுகத்துக் காற்று எதையும் விட்டுவைக்காது.

அந்தத் தளத்தில் பதிய நாற்பது நிமிடம் எடுத்தது.
இசைக்குழுவின் பெயர். ஊர்.
ஊர்ப் பட்டியலில் கொழும்பு இருந்தது, கண்டி இருந்தது,
நாங்கள் ‘ஏனையவை’.
உங்களைக் கேட்பவர்களின் வயது. அவர்கள் வாங்கும் பொருட்கள்.
“எங்கட ஆக்கள் என்ன வாங்குறவை?” என்றான் யூட்.
“ரீலோட்” என்றான் சப்ரி.
முந்நூற்றுப் பதினொரு பேர்.
அதில் ஒருவர் தமாமிலிருந்து
ஒவ்வொரு இரவும் மூன்று தரம் கேட்கிறார்.
அவர் என்ன வாங்குவார் என்று நான் எப்படிச் சொல்ல?
உங்கள் இசையை மூன்று சொற்களில் விவரிக்கவும்.
எழுதினேன்:
உப்பு. இரும்பு. மெதுவாக.

ஒன்பதாம் நாள்
பச்சை வட்டமொன்று சுற்றிச் சுற்றி நின்றது.
பொருத்தம் தொண்ணூற்று நான்கு சதவீதம்.
எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குக்கூட
இவ்வளவு பொருந்தியதில்லை;
அக்காவுக்குப் பத்துக்கு ஆறுதான்.

துருப் பிடிக்காமல் காக்கும் பெயின்ற் கொம்பனி.
எங்கள் பாட்டின் பெயர் ‘துரு’.
யாரும் கேட்டுப் பார்த்துச் சேர்த்ததல்ல,
சொல்லைச் சொல் கண்டு ஒட்டிக்கொண்டது.

பாட்டு, முற்றத்து வேலியில் சாத்திக் கிடக்கும்
ஒரு சைக்கிளைப் பற்றியது.
பெடலில் தொடங்கி மணி வரைக்கும்
துரு ஏறி வருகிறது, அவ்வளவுதான்.
அதைச் சாத்திவிட்டுப் போனவனைப் பற்றி
அதில் ஒரு சொல் கிடையாது.
படிவத்திலும் அதற்கொரு கட்டம் இருக்கவில்லை.

வீடியோ அழைப்பில் மினோலி.
நல்ல பெண். சிங்களத்தில் தொடங்கி
ஆங்கிலத்துக்குப் போய்
தமிழில் ஒரு வணக்கத்தோடு திரும்பிவந்தாள்.
மூன்று லட்சம் என்றாள்.
யூட், கமராவுக்குத் தெரியாமல், என் காலை மிதித்தான்.
பாட்டு அப்படியே இருக்கட்டும்,
ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்,
கடைசிக் காட்சியில் மட்டும்
சைக்கிளுக்குப் பெயின்ற் அடிக்கிறோம்.
நீலம்.
அது எங்கள் நிறம்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை.
ஆனால் மாதிரி ரின் கூரியரில் வந்தபோது
கையெழுத்துப் போட்டு வாங்கினவ அவதான்.
பின்னேரம் வேலை முடிந்து வருகிறேன்,
கேற் நீலம்.
கிணற்றுக் கப்பி நீலம்.
கோழிக்கூட்டின் கொண்டிகூட நீலம்.
வேலிக்கு வெளியே ஒரு மான்
கேற்றை மணந்து பார்த்துவிட்டு
பஸ் நிலையப் பக்கம் நடந்தது.
ரின்னில் இன்னும் கால்வாசி.
மூடியை இறுக்கி
சைக்கிள் கரியரில் வைத்திருந்தா.
கையில் படாமல், சீட்டில் படாமல்.

இரவு எழுதினேன்:
கேற்றைப் படம் எடுக்கலாம். கப்பியை எடுக்கலாம்.
இரண்டிலும் ஏற்கெனவே உங்கள் நிறம்தான்.
சைக்கிளுக்கு அடிக்க மாட்டோம்.

“மூண்டை ஒண்டாக்குவினம், பார்” என்றான் யூட்.
சப்ரி ஒன்றும் பேசாமல்
பழைய ரிம் ஒன்றில் தட்டிக்கொண்டிருந்தான்,
அம்ப்பின் விலைக்கு
அதுதான் அவனுடைய கருத்து.

அனுப்பினேன்.
பார்த்துவிட்டார்கள் என்று இரண்டு சரி விழுந்தது.
பச்சை வட்டம் மீண்டும் ஒருமுறை சுற்றியது.

எண்பத்தொன்று.
அக்காவுடையதைவிட
இன்னும் கூடத்தான்.