கட்டாத கொட்டகையின் நிழல்

முதலில் வந்தது தவறான சூரியன்.
ஊர் கேட்ட கட்டத்தில் சென்னை என்று இருந்ததை
நான் மாற்றவில்லை.
பிறகு கொடுத்தேன்:
ஒன்பது புள்ளி ஒன்று ஆறு, வடக்கு.
எழுபத்தெட்டு புள்ளி ஆறு ஐந்து, கிழக்கு.
வாலிநோக்கம் என்றால் அதற்குத் தெரியாது,
எண்ணாகச் சொன்னால் தெரிகிறது.

எடைமேடைக் கணினியில்
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
சூரியக் கடிகாரம் செய்தேன்.
திரையில் ஓர் ஆறடிக் கம்பு.
வரப்பில் ஓர் ஆறடிக் கம்பு,
உடைந்த உப்பு வாரியின் பிடி.
இரண்டின் நிழலும் ஒரே பக்கம் விழ
நாலு நாள் ஆயிற்று.

கைக்கடிகாரம் பன்னிரண்டு என்றபோது
வாரிப்பிடி இன்னும் இல்லை என்றது.
நாடு கால் மணி முன்னால் ஓடுகிறது,
இந்த உப்பளத்துக்கு உச்சி
பன்னிரண்டே காலுக்குத்தான்.
"அந்தக் கால் மணிக்கும் சேத்துத்தான் கூலியா?"
என்று கேட்டாள் முத்திருளாயி.

விடியும் கணத்தில் நிரல் நின்றுபோகும்.
தொடுவானத்தில் சூரியன், கோணம் பூஜ்யம்,
பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லியிருந்தேன்.
நிழலின் நீளம்: முடிவிலி.
ஆறடிக் கம்பு
சாயல்குடி தாண்டி, வேம்பார் தாண்டி
மேற்கே போய்க்கொண்டே இருந்தது.
இரவில் இன்னும் மோசம்.
கழித்தல் குறியோடு ஒரு நிழல்
பூமிக்கடியில் இருந்த சூரியனையே நோக்கி நீளும்.
முன்னதைத் திருத்தினேன்.
பின்னதை விட்டுவைத்திருக்கிறேன்.

சித்திரை பிறப்பதற்கு முந்தின நாள், உச்சியில்,
கம்புக்கு நிழலே இல்லை.
திரையிலும் இல்லை, வரப்பிலும் இல்லை.
முத்திருளாயிக்கு இருந்தது
அவள் செருப்பளவு.
திரையை எட்டிப் பார்த்தாள்.
"இந்தச் சூரியனுக்கு மேகமே கெடையாதா?"
கிடையாது.
"அப்ப இது நம்ம சூரியந்தான்."

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.
பத்துக்குப் பன்னிரண்டு தகரக் கூரை,
நாலு கால், ஒரு தண்ணீர்த் தொட்டி.
கேட்டதற்கு மேலாளர் வின்ஃபிரட்
வரைபடம் இருக்கா என்றார்.
எங்கே போட்டால் எந்த மாதம் எத்தனை பேருக்கு நிழல்?
அதற்காகத்தான் இத்தனையும்.
சித்திரையிலிருந்து ஆவணி பாதி வரை
உச்சி நிழல் தெற்கே சாயும்,
ஆகவே தொட்டி தெற்குக் காலோரம்.
பதினாறு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தேன்.
நல்லா இருக்கு என்றார்.
அடுத்த வருஷக் கணக்கில் பார்ப்போம் என்றார்.

கூரை வரவில்லை.
நிழல் வந்துவிட்டது.
தினமும் திரையில்
நீல நிறத்தில், கோணலாக,
மூன்றாம் பாத்தியின் ஓரத்தில் ஊர்ந்து போகிறது.
ஒரு நாளும் தாமதமில்லை.

நேற்று ஒன்றரை மணிக்கு
என் கைபேசியை வாங்கிப் பார்த்துக்கொண்டே நடந்தவள்
வெட்டவெளியில் ஓரிடத்தில்
தூக்குவாளியை இறக்கி வைத்தாள்.
யாரும் சிரிக்கவில்லை.
இரண்டு மணிக்கு எழுந்துபோய்
ஒரு முழம் கிழக்கே
நகர்த்தி வைத்தாள்.