நாலடிக் குழாய்

கடைக்காரர் பதினெட்டாயிரம் என்றார்.
ஜெபநேசன் தலையாட்டினார்,
பெரிய எண் எதைக் கேட்டாலும் ஆட்டுகிற தலை.
நான் கணக்கு டீச்சர்.
அறை எத்தனை அடி, சன்னல் எத்தனை
என்று கேட்காமல் விடை சொல்கிறவர்களுக்கு
முட்டை போட்டே பழகியவள்.

வெலிமடையிலிருந்து வந்த சமிந்த
மெசினைப் பற்றிப் பேசவேயில்லை.
ஊதுபத்தி ஒன்று கேட்டான்.
எங்கள் வீட்டில் ஏது?
செல்லக்கிளியின் சாமிப் படத்தடியிலிருந்து
கடன் வாங்கி வந்தேன்.
சன்னல் ஓரமெல்லாம் பிடித்துக்கொண்டு நடந்தான்.
புகை நெளிந்து, திரும்பி,
ஏழு வருசமாய் நாங்கள் காணாத ஓட்டைகளைக்
காட்டிக்கொடுத்தது.
"இதை அடைக்காம எதைப் போட்டாலும், மிஸ்,
நானுஓயா ஸ்டேசனுக்குத்தான் சூடு."

மூன்று சனிக்கிழமை அடைத்தோம்.
ரப்பர் பட்டி, பழைய பெட்சீட், கூரைக்குத் தகடு.
பிறகு டேப் பிடித்து அளந்து சொன்னான்:
ஒன்பதாயிரம் போதும்.
ஆனால் சூடும் தருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.
சிலது குளிர்தான் தரும்.
குளிர் நமக்கு வெளியிலேயே ஓசி.

"அந்தக் குளிரிலிருந்தா சூடு எடுக்கும்?"
"இருக்கு மிஸ். கொஞ்சம் கொஞ்சமா.
இது சூட்டைச் செய்யாது,
பொறுக்கிக்கொண்டு வரும்."
பக்கத்து நிரை தெரியாத பனிமூட்டத்திலும்
தராசில் பதினெட்டுக் கிலோ காட்டியவள் என் அம்மா.
அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தை மாதம், விடிய மூன்று மணி.
புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் வெள்ளை.
உள்ளே காற்று நின்றது.
வெளியே ஸ்ஸ் என்றொரு சத்தம்.
பெட்டியிலிருந்து குபுகுபுவென்று புகை.
சாரமும் குல்லாவுமாய் ஜெபநேசன்
வாளித் தண்ணீரோடு ஓடினார்.
"நெருப்பு! நெருப்பு!" என்று
வேலிக்கு அந்தப் பக்கம் செல்லக்கிளி.
நான் டோர்ச் வெளிச்சத்தில்
புத்தகத்தின் இருபத்துமூன்றாம் பக்கம் புரட்டினேன்:
தன்மேல் படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்ளும்.
பத்து நிமிடம். பயப்பட வேண்டாம்.
வந்தது புகையில்லை, நீராவி.
வாளியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அவர் அப்படியே நின்றார்.
வாளிக்குள் நிலா இருந்தது,
அதுவும் நடுங்கிக்கொண்டு.

ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் பூசை முடிந்து வந்து
வலையைக் கழற்றிக் கழுவுவேன்.
கம்பளி நூல், பூனை முடி,
என் சேலையில் வந்த சோக்குத் தூள்.
தண்ணீர் தெளிந்து ஓடும்வரை கழுவி,
நிழலில் காயவைத்து மாட்டினால்
மெசினின் மூச்சு இலேசாகும்.
மறந்துபோன மாதத்தை
கரண்ட் பில் ஞாபகம் வைத்திருக்கும்.

சித்திரை சீசனுக்கு வத்தளையிலிருந்து வந்த மச்சாள்
பழக்கதோசத்தில் குளிரைப் போட்டுவிட்டு
இரண்டு கம்பளி கேட்டாள்.
கொடுத்தேன்.

ஒருநாள்தான் கவனித்தேன்.
பெட்டியின் விசிறிக்கு நேரே
செல்லக்கிளியின் போஞ்சிக் கொடி
ஒரு முழம் அகலத்துக்குக் கருகியிருந்தது.
மற்றக் கொடியெல்லாம் பூ.
சூட்டை நாங்கள் எடுத்துக்கொண்டு
மிச்சக் குளிரை
அவள் பக்கம் ஊதிக்கொண்டிருந்திருக்கிறோம்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஊதுபத்தியையும் திருப்பிக் கேட்கவில்லை.

சமிந்தவுக்குப் போன் எடுத்தேன்.
திருப்பலாம் மிஸ்,
செம்புக் குழாய் நாலடி கூடும்,
காஸும் கொஞ்சம் போடணும்.
விலையைச் சொன்னான்.
இந்த முறை ஜெபநேசன் தலையாட்டவில்லை.
நான் ஆட்டினேன்.

இப்போது பெட்டி
ரயில் பாதையைப் பார்த்து நிற்கிறது.
பதுளை வண்டி ஏற்றத்தில் முனகும்போது
இரண்டில் எது இரைகிறதென்று
கொஞ்ச நேரம் தெரிவதில்லை.