பிழை ஏதும் இல்லை

ஓசூர் சிப்காட். இரவு இரண்டே கால்.
கண்ணாடிக்கு வெளியே பாகலூர் ரோட்டில்
ரோஜாக் கட்டு ஏற்றிய வேன் ஒன்று
அத்திப்பள்ளியைத் தாண்டும் அவசரத்தில் போகிறது.

நாற்பத்தொரு சி கோப்புகளும் கம்பைல் ஆயின.
எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை.
கடைசியில் லிங்கர் மட்டும் கேட்கிறது:
மோட்டாரைக் கிளப்பும் ஃபங்ஷன் எங்கே?

இருக்கிறதே, அதே ஃபோல்டரில் இருக்கிறதே,
திம்மராஜ் அசெம்ப்ளியில் எழுதி வைத்துவிட்டு
வேலையை விட்டுப் போன இருநூறு வரி.
பாதையைச் சரிபார்த்தேன். பெயரைச் சரிபார்த்தேன்.
கேஷை அழித்தேன். பில்ட் ஃபோல்டரையே அழித்தேன்.
மெஷினை அணைத்து, டீ குடித்து, மறுபடி போட்டேன்.
எங்கே? என்றது லிங்கர்.

நாகவேணி எழுந்து வந்து பின்னால் நின்றாள்.
"மொதல் வரியப் படி."
இந்தப் புராஜெக்டின் மொழிகள்: சி.
அவ்வளவுதான்.
தெரியாத மொழியில் வந்த கோப்பை
பில்ட் திட்டவில்லை, திருப்பி அனுப்பவில்லை.
வாசலில் நிற்கிற ஆளைப் பார்க்காத மாதிரி
அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டது.

அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த விண்ணப்பத்தில்
தாய்மொழிக்கு இரண்டு பெயர் அச்சடித்திருந்ததாம்.
அவள் வீட்டில் பேசுவது இரண்டும் இல்லை.
"எதுல டிக் அடிச்ச?"
"பேனாவுல."

ஒரு சொல் சேர்த்தோம். லிங்கர் அடங்கியது.
அவளுடைய விண்டோஸிலும் அடங்கியது.
போர்டில் ஏற்றி சுவிட்சைப் போட்டால்
என் லினக்ஸில் கட்டியது முன்னால் சுழல்கிறது,
அவளுடையது பின்னால்.

நாலரைக்குக் கண்டுபிடித்தோம்:
கோப்பின் வால் எழுத்து. என்னிடம் பெரிய எஸ்.
பென்டிரைவில் போய் இறங்கியதில் அவளிடம் சின்ன எஸ்.
சின்னது என்றால்,
'இந்த போர்டாக இருந்தால்', 'இல்லாவிட்டால்'
என்கிற வரிகளெல்லாம் வெறும் குறிப்பு,
யாரும் படிக்க வேண்டாதது.
ஆகவே இருந்தால் செய்வதையும்
இல்லாவிட்டால் செய்வதையும்
வரிசையாகச் செய்து முடித்திருக்கிறது.
பிழை ஏதும் இல்லை.

குறில் நெடில் தெரியும். வல்லினம் மெல்லினம் தெரியும்.
அதே எழுத்து, அதே ஓசை,
உயரம் மட்டும் மாறினால் வேறு ஆள் என்று
தமிழ் வகுப்பில் எனக்கு யார் சொன்னார்கள்?

பெயரை மாற்றினோம். இரண்டு மோட்டாரும் முன்னால்.
நாகவேணி வீட்டுக்கு ஃபோன் போட்டு
அந்த மொழியில் என்னென்னவோ சொல்லிச் சிரித்தாள்.
எனக்குப் புரிந்தது ஒரே சொல்:
லிங்கர்.