1146-ஆம் அறுகோணம்

முத்துப்பேட்டை லாட்ஜில் மூன்றாம் மாடி.
மின்விசிறி ஒருக்களித்துச் சுற்றுகிறது.
கடலை நான்
அறுகோணங்களாக நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.
பூநாரை இறங்கினால் இவ்வளவு மதிப்பெண்,
தில்லை தழைத்தால் இவ்வளவு,
மடவைக் குஞ்சு வளர்ந்தால் இன்னும் கொஞ்சம்.
கழிக்கவும் வேண்டும்:
படகு போனால், வலை விழுந்தால்,
பண்ணைக் கழிவுநீர் வந்தால்.
குறைந்த நஷ்டத்தில் நிறைந்த உயிர்,
அதுதான் கணக்கு.
ஓடவிட்டுத் தூங்கிவிடலாம்.

விடிந்தபோது
1146 பச்சையாக இருந்தது.
நூறு தடவை ஓட்டியதில்
நூறு தடவையும் கணினி அதையே எடுத்திருந்தது.
படகு இல்லை. வலை இல்லை. எஞ்சின் சத்தம் இல்லை.
யாருக்கும் வேண்டாத இடம்.
காப்பகம் என்று பலகை நட்டாலும்
மறியலுக்கு ஒரு ஆள் வராது.

ஜாம்புவானோடைத் துறையில்
சகுபர் அலி படகைத் தள்ளினார்.
கோரையாறு பழுப்பாய் வந்தது.
மேட்டூர் திறந்து இருபது நாளாம்,
வயலெல்லாம் குடித்த மிச்சம்
இப்போதுதான் இங்கே எட்டிப் பார்க்கிறது.
என் செயற்கைக்கோள் படம் மார்ச் மாதத்தது.
மார்ச்சில் திட்டாக இருந்த இடத்தின்மேல்
படகு போய்க்கொண்டிருந்தது.
ஜிபிஎஸ் கணக்குப்படி நாங்கள்
தரையில் மிதந்தோம்.
"இங்க அப்படித்தான் மேடம்" என்றார் சகுபர் அலி,
துடுப்பில் ஒட்டிய பாசியை வழித்தபடி.

1146 வந்தது.
தலைகள் வந்தன.

நீருக்கு மேல் பதினோரு தலைகள்.
சேலைக்கு மேலே புருஷன் சட்டை,
கழுத்தளவுத் தண்ணீரில் மெல்ல நகர்ந்து
இரண்டு கையாலும் சேற்றைத் தடவுகிறார்கள்.
பல்லிடுக்கில் பனையோலைப் பறி.
இறால் அகப்பட்டால் மட்டும்
ஒரு கை மேலே வந்து
முகத்துக்கு நேரே தொங்கும் அதற்குள் போட்டுவிட்டு
மறுபடி இறங்கும்.

படகு இல்லை. சரி.
வலை இல்லை. சரி.
எஞ்சின் சத்தம் இல்லை, சரிதான்.

சர்வே கோப்பைத் திறந்தேன்.
போன தை மாதம், இதே இடம்.
வரிசை எண் 31. பெயர்: பூமயில்.
வாரத்தில் எத்தனை நாள் வருவீர்கள்?
பதில் இல்லை.
நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்?
பதில் இல்லை.
இந்த இடத்தை மூடினால் எங்கே போவீர்கள்?
பதில் இல்லை.

கேட்ட பையன் படகில் நின்றபடி கேட்டிருக்கிறான்.
வாயைத் திறந்தால்
அன்றைய இறால் அத்தனையும் தண்ணீரில்.
பெயரை மட்டும் சகுபர் அலி சொல்லியிருக்கிறார்.
வெற்றிடத்தைச் சுழி என்று வாசித்தது என் நிரல்.
அப்படி வாசிக்கச் சொன்னது நான்.

அவர்கள் கரையேற மூன்று மணி நேரம் ஆனது.
பூமயில் பறியை இடுப்பில் கட்டி
வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.
பல் பதிந்த ஓலை விளிம்பு கறுத்திருந்தது.
"மூடுறதுன்னா எந்த மாசம்?" என்றாள்.
என் படத்தில் மாசம் இல்லை.
"குஞ்சு ஏறுற மாசம் மூடிக்க, நாங்களே கை வைக்கமாட்டோம்.
ஐப்பசியில மூடினா
உங்க கம்ப்யூட்டரு வந்து உலை வைக்குமா?"
பின்னாலிருந்து ஒருத்தி
தினம் பத்துக் கிலோ கிடைக்கும் என்று எழுதச் சொன்னாள்.
எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.
இரண்டு என்று எழுதிக்கொண்டேன்.

ராத்திரி லாட்ஜில் உப்புக் காலோடு
பதினோரு பேரையும் கணக்கில் ஏற்றினேன்.
மாதங்களுக்குத் தனித்தனி அடுக்கு போட்டேன்.
மறுபடி ஓடவிட்டேன், தூங்கவில்லை.

1146 வெளுத்தது.
பச்சை மெல்ல நகர்ந்து
1152-இல் போய் உட்கார்ந்தது.
படகு இல்லை. வலை இல்லை. எஞ்சின் சத்தம் இல்லை.

மணி நாலு.
சகுபர் அலி போனை எடுக்கிறவரை
விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தேன்.