பாக்கி இருபத்தொன்பது

பெருமாள்புரத்தில் பாதாளச் சாக்கடைக்குத்
தோண்டிப் போட்ட தெருவைத் தாண்டி
விடிகாலை அஞ்சரைக்கு ஜிம்முக்குப் போகிறேன்.
சுடிதார், கேன்வாஸ் ஷூ, அறுபத்தொன்பது வயது.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம்
அடுத்தவர் தசையில் ஊசி குத்தியவள்
இப்போது என் தசையை நானே கிழிக்கிறேன்.

கிழியத்தான் வேணும் என்கிறான் மாஸ்டர் இசக்கிராஜா.
கனம் தூக்கினால் நார் நாராகக் கீறல் விழும்;
இழையோரம் சுருண்டு படுத்திருக்கிற செல்கள்
முழித்து வந்து இட்டு நிரப்பும்.
நர்சிங் புஸ்தகத்திலும் இருந்திருக்கும்,
பரீட்சைக்கு வராது என்று நான் தாண்டிய பக்கத்தில்.

இருபது வயசுக்காரனுக்கு ஓடி வரும்.
எனக்கு, மாநகராட்சி ஆள் மாதிரி.
காலையில வாரேன்னு சொல்லி
மூணாம் நாள் சாயங்காலம் வரும்,
பாதி மண்ணைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகும்.
ஆனால் வரும்.
விடாமல் கூப்பிட்டால்,
முட்டை, சுண்டல், ராத்தூக்கம் என்று
கூலி குறையாமல் கொடுத்தால்
வரும்.

செவ்வாய் தூக்கினால் வியாழன் வரைக்கும்
படி இறங்க முடியாது.
கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக்
குழாயைப் பிடிக்கணும்.
“ஏட்டி, இந்த வயசுல எதுக்கு இந்த வம்பு?”
பாளை மார்க்கெட்டில் அமலோற்பவம் கேட்டாள்.
சாளை நல்லாருக்கு, வாங்கு, என்றேன்.

போன ஐப்பசி, மழை ராத்திரி,
குளியலறையில் இவுக விழுந்தாக.
எலும்பு முறியவில்லை, ரத்தம் இல்லை,
எழுந்திருக்க மட்டும் முடியவில்லை.
அக்குளில் கைகொடுத்து இழுத்தேன்.
எத்தனை பேரைப் புரட்டிப் படுக்கவைத்த கைகள்,
அன்றைக்கு வெறும் கைகள்.
ஈரத் தரையில் கூடவே உட்கார்ந்து
பால்காரர் மணியடிக்கும் வரை
தலையை மடியில் வைத்திருந்தேன்.
“குளிருதுட்டி” என்று இரண்டு தடவை சொன்னாக.
மூன்றாம் தடவை
என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாக.

இவுக எடை அறுபத்தொன்று.
நேற்று தரையிலிருந்து முப்பத்திரண்டு தூக்கினேன்,
முதுகு நிமிர்த்தி, மூச்சை அடக்காமல்.
இசக்கிராஜா நோட்டில் குறித்துக்கொண்டான்.
யாருடைய எடை என் கணக்கில் இருக்கிறது என்று
அவனுக்குச் சொல்லவில்லை.

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.
கொஞ்ச நாளாக இவுக
சோற்றைக் குறைத்துக்கொண்டு வாராக.
ஒன்றும் பேசாமல்
இன்னொரு கரண்டி வைக்கிறேன்.