தவுக்கேம்மாவுக்கு ஒரு பேசின் தண்ணீர்

இரண்டு வாரம் என்றுதான் யோகேஸ்வரி சொன்னாள்.
கூச்சிங்கில் வேலை நிலைத்ததும் வந்து எடுத்துக்கொள்வதாக.
இரண்டு வருடம் ஆகிறது.
அவள் விட்டுப்போனவை:
சூடேறாத ஓர் இஸ்திரிப்பெட்டி,
ஒரு மாத வாடகை பாக்கி,
கண்ணாடித் தொட்டியில் ஒரு கொம்புத் தவளை.

கொம்பு பேச்சுக்குத்தான்.
இமைக்கு மேலே கூராக எழும்பிய தோல், அவ்வளவே.
தேங்காய் நார்த்தூளில் பாதி புதைந்து
கல்லாவை விட்டு எழாத கடைக்காரிபோல்
நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும்.
பூடுவில் விற்றவன் பெண் என்றானாம்.
அதனால் தவுக்கேம்மா.

செவ்வாயும் வெள்ளியும் சாப்பாடு.
சிள்வண்டுகளைக் கால்சியம் பொடியில் குலுக்கி எடுப்பேன்.
திருநீறு பூசிய பக்தர்களாய் உள்ளே இறங்குவார்கள்.
தவுக்கேம்மா பார்ப்பதுபோலவே இருக்காது.
ஈரத்துணியைச் சுவரில் அறைந்தாற்போல் ஒரு சத்தம்,
பக்தர் ஒருவர் குறைவார்.
கண்ணை உள்ளிழுத்துத்தான் விழுங்கும்.
கும்பிடுவதுபோல் இருக்கும்.
தப்பிய ஒன்று
ஐஸ்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வாரம் பாடியது.

தூக்கிக் கொஞ்ச முடியாது.
நம் உள்ளங்கைச் சூடே அதற்கு நெருப்பு.
ஒருமுறை தொட்டி துடைக்கும்போது
என் கட்டைவிரலைக் கவ்வி விடவே இல்லை.
நான் கத்தவில்லை.
'மன்னிக்கவும், உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது'
என்று மலாயில் சொன்னேன்.
வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இரவு வேலை எனக்கு, தண்ணீர்ப் புகார் எண்ணில்.
ஒரு ஷிப்டுக்கு நூற்றிருபது அழைப்பு.
வீடு திரும்பினால் ஒரு வார்த்தை பேசாத ஜீவன்.
இதைவிட நல்ல வீட்டுத்தோழி
செந்தூலில் யாருக்கு வாய்க்கும்?

போன மாதம் குழாய் நின்றது.
நாளை வரும், நாளை வரும் என்று
ஊர் முழுக்கச் சொன்னவளும் நான்தான்.
மூன்றாம் நாள் லாரிக்கு வரிசையில் நின்றவளும் நான்தான்.
என் கையில் இரண்டு வாளியும் ஒரு பேசினும் பார்த்து
மக்சிக் ரொக்கியா கேட்டார்:
'தனியாத்தானே இருக்கே, இவ்வளவு எதுக்கு?'
'வீட்டில ஒரு ஆள் இருக்கு.'
புருவம் உயர்ந்ததைப் பார்த்தும்
விளக்கம் சொல்லாமல் லிஃப்டுக்கு நடந்தேன்.
லிஃப்டும் நின்றிருந்தது.
ஒன்பது மாடி.

லாரித் தண்ணீரில் குளோரின் வாடை மூக்கைத் துளைக்கும்.
அப்படியே ஊற்றினால் அதன் தோல் வெந்துவிடும்.
பேசினில் ஒரு நாள் திறந்து வைத்து ஆறவிட்டேன்.
அந்தப் பேசினைத் தாண்டித் தாண்டி நடந்து
தலை கழுவாமல்
பிசுபிசுத்த முடியைக் கொண்டையிட்டு வேலைக்குப் போனேன்.
'உங்கள் வீட்டில் மட்டும் தண்ணீர் வருதா?'
என்று அன்று எட்டுப்பேர் கேட்டார்கள்.
பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.

நாலாம் நாள் எனக்கு விடுப்பு.
இரவு மூன்று மணி.
மூடாமல் விட்டிருந்த குழாய்
திடீரென்று இருமியது.
சுவருக்குள் காற்று உருண்டு
அடித்தொண்டையில் ஓலமிட்டது.

அதற்கு இருட்டிலிருந்து ஒரு பதில்.

விளக்கைப் போட்டேன்.
தவுக்கேம்மா நார்த்தூளிலிருந்து முழுதாக எழுந்து
தாடைக்குக் கீழே கருத்த பை புடைக்க
குழாயை அழைத்துக்கொண்டிருந்தது.
குழாய் ஒருமுறை, இது ஒருமுறை.
ஆண் தவளைதான் அப்படிக் கத்தும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.
கெட்டுப்போக இதற்கு என்ன இருக்கிறது,
ஓர் 'அம்மா'வைத் தவிர?

முதலில் காவி நிறத்தில் கக்கி
மெல்லத் தெளிந்து வந்தது தண்ணீர்.
அடுத்த நாளுக்கென்று பேசினைப் பிடித்து வைத்துவிட்டுத்தான்
தலையைக் குழாய்க்குக் கொடுத்தேன்.
யோகேஸ்வரிக்குச் செய்தி அனுப்பினேன்:
'உன் தவுக்கேம்மா ஆம்பளை.'
இன்னும் ஒற்றைக் கோடுதான்.

காலையில் துணி காயப்போடும்போது
கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து மக்சிக் ரொக்கியா:
'ராத்திரி உன் ஆள் குரல் கேட்டுதே.
உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?'

'இல்ல மக்சிக்.
தண்ணி வந்துருச்சுன்னு சொன்னாரு.'